எங்க இறங்கணும்?

இருபத்திரண்டு வருஷமாக
இந்தக் கேள்வியைக் கேட்பவன் நான்.
கொண்டப்பநாயக்கன்பட்டியா, அடிவாரமா,
அறுபதடிப் பாலமா, ஒண்டிக்கடையா.
சீட்டு விழுந்த ராத்திரி
என்னைப் பார்த்துக் கேட்டாள்
அங்கயற்கண்ணி.

தள்ளுபடி போக ஒரு லட்சத்துப் பதினாறாயிரம்.
வாஷிங் மெஷின் என்று ஆரம்பித்தேன்.
மீன் பார்க்கணும் என்றாள்.
தொட்டியிலா?
இல்ல. அது இருக்கிற எடத்துக்கு நான் போய்.
சேகோ ஆலையில் நாள் முழுக்க
ஜவ்வரிசிக்கு ஈரம் அளப்பவள்
நனைய ஆசைப்படுகிறாள்.

மாலத்தீவு என்றேன்,
எனக்குப் பெயர் தெரிந்த ஒரே தீவு.
புதுசாய்க் கல்யாணமானதெல்லாம் அங்கதான் போகுது,
நம்மளப் பாத்தா
யார் வீட்டுச் சம்பந்தின்னு கேப்பாங்க என்றாள்.
லட்சத்தீவுக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டாம்.
சீட்டுக் கிழிப்பவனே சீட்டுக்கு நிற்பதா?
தாய்லாந்தில் ஆமையின் பெயரில் ஒரு தீவு,
செலவும் குறைவு.
ஆனால் பாஸ்போர்ட் என்று எடுக்கப் போனால்
ஆதாரில் இருக்கும் நானும்
ரேஷன் கார்டில் இருக்கும் நானும்
அண்ணன் தம்பி மாதிரி
வேறு வேறு ஆள்.

மிச்சம் அந்தமான்.
அதிலும் ஹேவ்லாக்கா நீலா என்று
தட்டுவடை செட்டுக்காரர் வண்டியை மூடும்வரை
தகராறு.
நீலுன்னா பேரே நெறமா இருக்கு என்றாள்.
ஹேவ்லாக்கில் மீன் அதிகமாம் என்றேன்,
மீனை எண்ணி டிக்கெட் போட்டவன் மாதிரி.

கீழே போனால் பேச்சு கிடையாது.
எல்லாம் கைதான்.
கட்டைவிரலை உயர்த்தினால்
பிரமாதம் என்று அர்த்தமில்லை,
மேலே போகலாம் என்று அர்த்தம்.
விளக்கை அணைத்த பிறகும்
அதைக் காட்டிக்கொண்டிருந்தாள் போல,
வளையல் சத்தம் கேட்டது.

காதடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதணுமாம்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
அழுகிற குழந்தைகளின் அம்மாக்களுக்கு
நான் சொல்லித் தருகிற வித்தை.
எனக்கோ இடது காது
ஒருநாளும் அடைத்ததில்லை.
ஒரு நாளைக்கு நாலு நடை ஏறி இறங்கியும்.
தேறினவன் என்று
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான்
நாலு ரோட்டில் டாக்டரிடம் போனேன்,
சான்றிதழுக்கு.

அவர் விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார்.
வெளியே எடுத்தார். மறுபடி விட்டார்.
இடது பக்கம் ஜவ்வுல ஓட்டை,
சின்ன வயசுல சீழ் வந்துச்சா?
அதனாலதான் மலையில ஒங்களுக்கு அடைக்கறதில்ல.
தண்ணிக்குள்ள போகவே கூடாது.
இருபத்திரண்டு வருஷத் திறமை
ஒரு கடுகளவு ஓட்டை.

அவளுக்கு இரண்டு காதும் சுத்தம்.
நாலு ரோட்டு ஸ்டாப்பிங்கில்
மூன்று பஸ்களை விட்டோம்.
நீ போ என்றேன்.
ஒனக்கு நீச்சலே அரைகுறை, எப்படியும்
பாதியில ஏறிடுவ என்றாள்.
ஆறுதல் சொல்லத் தெரியாதவள்.

அன்று ராத்திரி
பட்டியலை மறுபடி பிரித்தோம்.
மீன் கணக்கு போய்விட்டது,
நிறமும் போய்விட்டது.
கரை எவ்வளவு கிட்டே என்பதுதான் இப்போது.
ஹேவ்லாக்கில் ஒரு இடத்தில்
மணலில் இருந்தே நடந்து இறங்கலாமாம்.
அப்ப நீ முழங்கால் தண்ணியில நில்லு,
என் கண்ணாடியப் புடிச்சுக்க.
பன்னிரண்டு மீட்டர் அவளுக்கு.
முழங்கால் எனக்கு.

இன்னொன்றும் எழுதியிருந்தது:
கடலுக்குள் போய் வந்தவர்
மறுநாள் வரை விமானம் ஏறக்கூடாது,
மலையும் ஏறக்கூடாது.
இரண்டு முறை படித்தேன்.
எங்கள் மலைக்கும் அந்தத் தண்ணிக்கும்
இப்படி ஒரு பகை இருப்பதை
டெப்போவில் யாரும் சொன்னதில்லை.

லீவு தாளில் காரணம் என்ற இடத்தில்
சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்தேன்.
விசிலைப் பெட்டியில் வைத்தபோது
அடியில கேக்காது என்றாள்.

கேட்க வேண்டாம்.
ஆள் ஏறும்வரை
இரட்டை விசில் கொடுக்காமல் நிற்பது,
அதுதானே வேலை.